தன் கோழியைத் திருடியவன்

இரும்புப் பட்டறை மருதையன் மடத்துக்குள் நுழைந்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது. குருவுக்கும் அவனுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஆனாலும் வாசலிலேயே விழுந்து கும்பிட்டான்.

"சாமி, மறுபடியும் ஒரு கோழி போச்சு."

"எது கொண்டு போச்சு?"

"மரநாய்தான். ராத்திரியில வருது. முதல்ல கூண்டுக் கதவுக்குக் கொண்டி வச்சேன். அப்புறம் சங்கிலி. இப்ப இரும்புக் கதவே அடிச்சுப் பெரிய பூட்டாப் போட்டிருக்கேன்."

குரு சிரித்தார். "மரநாய் உன்கிட்டச் சாவி கேட்டுச்சா?"

மருதையனுக்குச் சுருக்கென்றது. ஊருக்கெல்லாம் கதவு செய்து கொடுப்பவன் அவன். கதவைத் தவிர வேறெதுவும் அவன் கண்ணில் படாது. இன்னொரு கோழி போனால் தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் சந்தையில் விற்றுவிடுவதாக அவன் மனைவி பூவாயி முடிவாகச் சொல்லிவிட்டாள். அந்தக் குஞ்சுகள் என்றால் அவனுக்கு உயிர்.

"நான் என்ன செய்யட்டும் சாமி?"

"வீட்டுக்குப் போய் உன் கோழியை நீயே திருடு. கதவைத் தொடக் கூடாது."

குரு சொன்னால் மறுபேச்சு ஏது? பட்டப்பகலில் மருதையன் கூண்டைச் சுற்றித் தவழ்ந்தான். பூவாயி கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"என்னங்க, புத்தி கெட்டுப் போச்சா?"

"திருடுறேன், சும்மா இரு."

கம்பி வலையின் கண்ணுக்குள் கை தாராளமாக நுழைந்தது. ஒரு கோழியின் காலே சிக்கிவிட்டது. சுவரடி மண்ணைப் பறித்தான், முழங்கை வரை உள்ளே போனது. கூரைத் தகரத்தின் மூலை தொட்டதுமே தூக்கிக்கொண்டது. அவனை வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை வழி திறந்து கிடக்க, பூட்டுக்கல்லவா எண்ணெய் விட்டுக்கொண்டிருந்திருக்கிறான்!

பொடிக்கண் வலை அடித்தான். சுவரைச் சுற்றிப் பள்ளம் தோண்டிக் கல் பதித்தான். தகரத்தைக் கம்பியால் முறுக்கிக் கட்டினான். ஒவ்வொன்றும் முடிந்ததும் மறுபடி திருடப் பார்த்தான். பொழுது சாயும்போது நகம் பிய்ந்து, முழங்கால் தேய்ந்து, வெறுங்கையோடு உட்கார்ந்தான். பூவாயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

விடிந்ததும் மடத்துக்கு ஓடினான்.

"சாமி, ஜெயிச்சாச்சு! கூண்டைச் சுத்தி எங்க பார்த்தாலும் கால் தடம். தோண்டிப் பார்த்திருக்கு, ஏறிப் பார்த்திருக்கு, ஒரு இறகுகூடக் கிடைக்கல. தாயும் குஞ்சும் அப்படியே இருக்கு. பூவாயி தெருவெல்லாம் சொல்லிட்டு வர்றா. மரநாய் தோத்துப் போச்சு!"

குரு அவனுடைய விரல்களைப் பார்த்தார்.

"அது ராத்திரிதான் தோத்துச்சு. சாயங்காலமே நீ தோத்தே பாரு, அப்பவே ஜெயிச்சாச்சு."