பி அணிக்கு ஓர் ஆள்

"பிருந்தாவை பி அணிக்கு இறக்கிடலாமா, மாஸ்டர்?"

கேட்டுவிட்டு மரகதம் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். மற்ற பெண்கள் மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். யார் காதிலும் விழவில்லை.

வேதநாயகி மாஸ்டர் குனிந்து, கோலப்பொடியால் நடுக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். பெண்களுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவர் எல்லோருக்கும் மாஸ்டர்தான். மேடம் என்று கூப்பிட்டால் திரும்பமாட்டார்.

"யாருக்கு நல்லதுன்னு கேக்குற?"

"அவளுக்குத்தான், மாஸ்டர். கோடு தாண்டிப் போறா, திரும்பி வர்றதில்லை. போன போட்டியில ஒரு பாயின்ட் இல்லை. அதுக்கு முந்தினதுலயும் இல்லை. பஸ்ல வர்றப்போ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டுத் தூங்குற மாதிரி நடிக்கிறா."

"நடிப்பு நல்லா இருக்கா?"

"மாஸ்டர்."

"சரி, சொல்லு."

"பி அணி போற சின்னப் போட்டியில எல்லாம் எதிராளிங்க கொஞ்சம் லேசா இருப்பாங்க. நாலு பாயின்ட் எடுத்தாத் தெம்பு வந்துடும். அப்புறமா மேல கூட்டிக்கலாம். சின்னப் பொண்ணு, மனசு விட்டுடக் கூடாது."

மாஸ்டர் கோட்டின் முனைவரை போனார். நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை தாராபுரத்துக்கு நம்ம ரெண்டு அணியும் போகுதுல்ல. ஏ-யில இருந்து ஒரு ஆளை பி-க்கு மாத்திடறேன்."

மரகதம் பெருமூச்சு விட்டாள்.

"அவகிட்ட நானே பக்குவமாச் சொல்லிடறேன், மாஸ்டர்."

"யாருகிட்ட?"

"பிருந்தாகிட்ட."

"அவகிட்ட எதுக்கு? போறது நீ."

மரகதம் ஏ அணியின் கேப்டன். இடது மூலையில் நின்று கணுக்காலைப் பிடிப்பவள். அவளிடம் கால் சிக்கினால் கோட்டை மறந்துவிட வேண்டியதுதான் என்று வெளியூர் அணிகள் பேசிக்கொள்ளும்.

ஏன் என்று கேட்க வாயெடுத்தாள். மாஸ்டர் அதற்குள் அடுத்த கோட்டுக்குப் போயிருந்தார்.

*

பி அணியில் அவளுக்கு ஏ அணியின் பழைய சட்டை கிடைத்தது. முதுகில் எண் பாதி உரிந்திருந்தது.

"வாங்க கேப்டன்," என்றாள் ரோஸ்லின். பி அணியில் கனத்த ஆள் அவள், வாயும் அப்படியே. "இங்க கேப்டன்னா ஒரு பெருமை உண்டு. தண்ணிக் கேனை நீங்கதான் தூக்கணும்."

மரகதம் தூக்கினாள்.

தாராபுரத்தில் முதல் ஆட்டத்தில் பி அணி ஜெயித்தது. ஜெயித்ததும் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். ஏ அணியில் ஜெயித்தால் கை குலுக்கிவிட்டு அடுத்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். அடியில் மாட்டிய மரகதம், விலா வலிக்க, தானும் சிரித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

அடுத்த களத்தில் ஏ அணியும் ஜெயித்தது. பிருந்தா மூன்று முறை பாடிப் போனாள், மூன்று முறையும் மாட்டினாள்.

அரையிறுதியில் ஏ அணிக்கு எதிராக பி அணி.

ரோஸ்லின் கால் நீட்டி உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்னத் தொடங்கிவிட்டாள்.

"எந்திரி, ரோஸி. ஆட்டம் இருக்கு."

"என்ன ஆட்டம்? ஒரே கிளப்பு. நாம சும்மா போய்த் தொடற மாதிரி தொட்டுட்டு வரணும். ஏ அணி களைக்காம ஃபைனலுக்குப் போகணும். எப்பவும் அப்படித்தானே. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். எத்தனையோ போட்டிகளில் பி அணி இப்படி விட்டுக்கொடுத்து, மரகதம் வியர்க்காமல் இறுதிக்குப் போயிருக்கிறாள். அதை யோசித்ததே இல்லை.

மாஸ்டரிடம் போனாள்.

"நாங்க எப்படி ஆடணும், மாஸ்டர்?"

"என்ன ஆட்டம் ஆட வந்தீங்க?"

"கபடி."

"பின்ன அதையே ஆடுங்க."

இதைக் கேட்டதும் ரோஸ்லின் வெள்ளரிக்காயைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. "நிஜமாவா, மாஸ்டர்?" என்றாள். பதில் வருமுன் எழுந்து தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

மரகதம் மட்டும் மனசுக்குள் ஒரு முடிவு செய்தாள். ஆடுவது ஆடலாம். பிருந்தா வரும்போது மட்டும் ஒரு பாயின்ட்.

ஒன்றே ஒன்று. யாருக்கும் தெரியவேண்டியதில்லை.

*

பிருந்தா வந்தாள்.

"கபடி கபடி கபடி" என்று பாடிக்கொண்டே இடப்பக்கம் சாய்ந்து வந்தாள். கை நீட்டி மரகதத்தின் தோளைத் தொட்டாள். மரகதம் பாய்ந்து அவள் கணுக்காலைப் பிடித்தாள். பார்க்கிறவர்களுக்கு நல்ல பிடி.

பிடித்த கையோடு விரல்களைத் தளர்த்தினாள்.

நடுக்கோடு எட்டித் தொடும் தூரம். காலை உதறிவிட்டு ஒரு எட்டு வைத்தால் போதும், இத்தனை நாள் கிடைக்காத பாயின்ட் அவளுடையது.

பிருந்தா நின்றாள். குனிந்து தன் காலைப் பார்த்தாள். காலைச் சுற்றியிருந்த கையைப் பார்த்தாள்.

"அக்கா, பிடிச்சா ஒழுங்காப் பிடிங்க."



பாட்டு நின்றுவிட்டதே. எதிர்க் களத்தில் நின்று கபடி தவிர ஒரு வார்த்தை பேசினாலும் அவுட். பால்வாடிப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. நடுவர் விசிலை ஊதுவதற்கு முன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

ஏ அணிப் பெண்கள் தலையில் கை வைத்தார்கள்.

"அடிப்பாவி," என்றாள் ரோஸ்லின். "அதைக் கோட்டைத் தாண்டிப் போய்ச் சொல்லக் கூடாதா?"

பிருந்தா வெளியே போய் அவுட்டானவர்கள் இடத்தில் உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும் பெண் இல்லை அது. நேராக மரகதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரகதத்தின் காது மடல்கள் சுட்டன. மாஸ்டர் பக்கம் பார்த்தாள். ரோஸ்லின் வைத்துவிட்டுப் போன வெள்ளரிக்காயை மாஸ்டர் தின்றுகொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார்.

*

ஏ அணி ஒரு பாயின்ட் எடுத்தது. பிருந்தா களத்துக்குத் திரும்பினாள். அடுத்துப் பாடிப் போகும் முறை அவளுக்கு வந்ததும் நேராக இடது மூலைக்கே வந்தாள்.

பயிற்சியில் எப்போதும் ஏ அணி ஒரு பக்கம், பி அணி மறுபக்கம். அதனால் மரகதம் ஒரு நாளும் இவளுக்கு எதிரே நின்றதில்லை. கூடவே நின்று, இவள் விழுவதைப் பார்த்திருக்கிறாள்.

தோளில் கை பட்டது. மரகதம் பாய்ந்தாள். இந்த முறை பத்து விரலும் இறுகின. முகம் மண்ணில் பதிய, கன்னத்தை அந்தக் காலோடு சேர்த்து அழுத்தினாள்.

கால் நின்றது.

பிறகு நகர்ந்தது.

மரகதத்தையும் சேர்த்துக்கொண்டு நகர்ந்தது.

"ரோஸி," என்று கத்தினாள் மரகதம்.

ரோஸ்லின் வந்து இடுப்பில் விழுந்தாள். இன்னொருத்தி முதுகில் ஏறினாள். மூன்று பேருக்கு அடியிலிருந்து "கபடி கபடி" என்று ஒரு குரல், மெலிந்து, விடாமல் வந்துகொண்டிருந்தது. ஒரு கை மட்டும் குவியலிலிருந்து வெளியே நீண்டது. மண்ணைப் பிறாண்டியது. இன்னும் கொஞ்சம் நீண்டது.

நடுக்கோட்டின் வெள்ளைப் பொடி விரல்களில் ஒட்டியது.

மூன்று பாயின்ட். கூட்டம் எழுந்து நின்றது. பிருந்தா மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கினாள். கண்ணில் நீர், வாயெல்லாம் சிரிப்பு.

"இவளை யாரும்மா இத்தனை நாளா ஒளிச்சு வச்சிருந்தது?" என்று இடுப்பைத் தேய்த்துக்கொண்டே எழுந்தாள் ரோஸ்லின்.

மூன்று பேரும் வெளியே போனார்கள். மரகதம் மாஸ்டரின் காலடியில் போய் உட்கார்ந்தாள். முகத்தில் பாதி மண். உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டும் சிவந்திருந்தன. சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்.

"நான் எப்ப மாஸ்டர் ஏ அணிக்குத் திரும்பி வர்றது?"

மாஸ்டர் களத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவளைப் பிடிச்சுட்டு வா."

பி அணிப் பெண் ஒருத்தி பாயின்ட் எடுத்தாள். உள்ளே வரலாம் என்று நடுவர் மரகதத்துக்குக் கையசைத்தார். அவள் ஓடினாள். இடது மூலையில் கால் அகட்டி, குனிந்து, இரண்டு கையையும் விரித்தாள்.

எதிரே பிருந்தா மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"வாடி," என்றாள் மரகதம்.