பூபதி நகரில் தலை தீபாவளி

மருதங்குறிச்சி ஒரு சின்னப் பட்டணம். சின்னது என்றாலும் அதற்கும் ஒரு ராஜா உண்டு. பெயர் குமார பூபதி. ராஜா என்றால் மந்திரி வேண்டுமே, தில்லைவிடங்கர் இருந்தார். இவர்கள் இருவரும் சேர்ந்து போடும் முடிச்சுகளை அவிழ்க்க, சபையில் மாசிலாமணி என்று ஒரு வாய்த்துடுக்குக்காரன் இருந்தான்.

பட்டணத்துக்குக் கிழக்கே நாரை ஏரி. மூன்று நாலு வருஷமாகச் சரியான மழை இல்லாமல் ஏரி வறண்டு கிடந்தது. மந்திரி ஒரு நாள் போய்ப் பார்த்தார். தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதைப் பார்த்தால் உங்களுக்கும் எனக்கும் 'ஐயோ, மழையில்லையே' என்று தோன்றும். மந்திரிக்கு 'அடடா, எத்தனை மனை!' என்று தோன்றியது.

மேட்டுத்தெருவில் காலங்காலமாக இருந்த கூடைமுடைகிறவர்களையும் குயவர்களையும் ஏரிக்குள் குடியேற்றிவிட்டு, அந்த மேட்டில் தமக்கு ஒரு மாந்தோப்பு வைக்க அவருக்கு ஆசை. மாமரத்தடியில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும் பாருங்கள், அதற்கு மேடுதான் சரி. மனிதர்களுக்குத்தான் வேர் கிடையாதே.

ஏரிக்குள் வரிசை வரிசையாக வீடுகள் எழும்பின. ராஜா கேள்வி கேட்டுவிடக் கூடாது என்று 'பூபதி நகர்' எனப் பெயரும் வைத்தாயிற்று. பலகையில் தம் பெயரைப் பார்த்த ராஜா அதற்குமேல் எதையும் பார்க்கவில்லை. ஆவணிக்குள் எல்லாரும் அங்கே குடிபோக வேண்டும் என்று ஆடி மாதத்தில் தண்டோரா போட்டார்கள்.

கூடை முடைகிற பவளாயி நேரே சபைக்கே வந்துவிட்டாள்.

"சாமி, அது ஏரிங்க."

"ஏரியாக இருந்தது," என்று திருத்தினார் மந்திரி. "இப்போது நகர்."

"அது உங்களுக்குத் தெரியுது. மழைக்குத் தெரியணுமேங்க. முன்னே பெருமழை பெய்ஞ்சப்போ அங்கே ஆளுயரத்துக்குத் தண்ணி நின்னுச்சு. பச்சப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு நாங்க எங்கே போவோம்?"

"வீண் பயம்! ஒவ்வொரு வாசலிலும் ஒரு திருஷ்டிப் பூசணி கட்டச் சொல்லியிருக்கிறேன். வேறென்ன பாதுகாப்பு வேண்டும்?"

மாசிலாமணி குறுக்கே புகுந்தான். "நல்ல ஏற்பாடு மகாராஜா. பூசணி மிதக்கும். அதைப் பிடித்துக்கொண்டே எல்லாரும் கரையேறிவிடலாம். மந்திரியாருக்கு எவ்வளவு முன்யோசனை!"

தம் பெயருள்ள நகரைக் கிண்டல் செய்தால் ராஜாவுக்குப் பொறுக்குமா?

"அங்கே வெள்ளம் வரும் என்று நாளைக்கே இந்தச் சபையில் நிரூபி," என்றார். "மழைக்குக் காத்திருக்கக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தக் கூடாது. முடியாவிட்டால் பூபதி நகரின் முதல் குடி நீதான். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு உன் பின்னால் வரட்டும்."

மந்திரி மீசையைத் தடவிக்கொண்டார். பவளாயிக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் மாசிலாமணி சபைக்கு வந்ததும் ராஜாவுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டான்.

"மகாராஜா, நேற்று சாயங்காலம் பூபதி நகரைப் போய்ப் பார்த்தேன். சொர்க்கம்! ஆனால் சனங்களுக்கு இன்னும் பயம் தெளியவில்லை. பெரிய மனிதர் வீட்டு விசேஷம் ஒன்று அங்கே நடந்தால் தெளிந்துவிடும்."

"யார் வீட்டு விசேஷம்?"

"நம் மந்திரியார் மகளுக்கு ஆனியில்தானே கல்யாணம் ஆயிற்று? இந்த வருஷம் தலை தீபாவளி. பெண்ணும் மாப்பிள்ளையும் மாமனார் வீட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்? நகரிலேயே பெரிய வீட்டை மந்திரியாருக்குப் பரிசாகக் கொடுங்கள். தலை தீபாவளி அங்கேயே நடக்கட்டும்."

"பேஷ்!" என்று ராஜா தொடையில் தட்டினார். "கொடுத்தேன்! நானும் விருந்துக்கு வருகிறேன்!"

மந்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. "மகாராஜா, சம்பந்தி வீட்டார் பெரிய கூட்டம். இடம் போதாது."

"பக்கத்து வீட்டையும் சேர்த்துக் கட்டித் தருகிறேன்."

"ரொம்பத் தூரம்..."

"என் பல்லக்கு வரும்."

மாசிலாமணி கவலையோடு தலையசைத்தான். "எல்லாம் குறைவில்லாமல் நடக்க வேண்டும் மகாராஜா. மாப்பிள்ளை பக்கத்து நாட்டுத் தளபதி, முன்கோபி. கல்யாணத்தில் ரசத்துக்கு உப்புக் கூடிவிட்டது என்று பந்தியிலிருந்து எழுந்து போனவர்."

மந்திரியின் கண்முன்னே மாப்பிள்ளை பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பரண்மேல் உட்கார்ந்திருந்தார். சீர்ப் பலகாரமெல்லாம் தெருவழியே மிதந்து போயிற்று. அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஐப்பசியில் மட்டும் வேண்டாம் மகாராஜா!" என்று அலறினார்.

"பின்னே எப்போது?"

"தையில் வைத்துக்கொள்ளலாம்! தரையெல்லாம் நன்றாகக் காய்ந்திருக்கும்!"

சபையே வாய்பிளந்தது.

"எதை? தீபாவளியையா?" என்றார் ராஜா.

மந்திரி நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான், சபை முழுக்கக் கேட்டாயிற்று.

"ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை மகாராஜா," என்றான் மாசிலாமணி. "இனி உங்கள் இஷ்டம். மந்திரியார் சொல்கிறபடி தீபாவளியைத் தைக்கு மாற்றுவதானால், பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும், பொங்கலைத் தள்ளிவைக்க வேண்டும், மழையையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஏழைகளை மேட்டிலேயே விட்டுவைப்பதற்கு, நீங்கள் வழக்கம்போல் சும்மா இருந்தாலே போதும்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தம்மையும் சேர்த்துத்தான் குத்தினான் என்பது சிரித்து முடித்த பிறகே அவருக்கு உறைத்தது. சிரித்தபின் எப்படிக் கோபிப்பது? மேட்டுத்தெரு அங்கே இருப்பவர்களுக்கே சொந்தம் என்று உத்தரவு போட்டார். பவளாயி சபையென்றும் பாராமல் மாசிலாமணியை வாய் நிறைய வாழ்த்தினாள். ராஜா தம் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார்.

மந்திரி மெல்ல வாசல் பக்கம் நழுவினார்.

"நில்லும்," என்றார் ராஜா. "கொடுத்த பரிசைத் திரும்ப வாங்குகிற பழக்கம் எனக்கில்லை. அந்தப் பெரிய வீடு உமக்குத்தான். ஐப்பசி பிறந்ததும் குடிபோய்விடும்!"