கொசுறுத் தோட்டா

ஓடைப்புதூர்க்காரர்களைப் பற்றி யாராவது குறைவாகப் பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும். குறைவாகப் பேசினால் எப்படிப் போதும்? நாள் முழுக்கப் பேசவேண்டிய ஊர் அது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். சிவப்புத் தலைப்பாகை யார் தலையில் இருக்கிறதோ அவர்தான் பெரியதனக்காரர். அவர் என்ன செய்கிறாரோ அதையே ஊரும் செய்யும். அவர் தும்மினால் நாற்பது வீட்டிலும் தும்முவார்கள். தும்மல் வராதவர்கள் மிளகுப்பொடியைத் தேடி ஓடுவார்கள். கதை நடந்த காலத்தில் தலைப்பாகை சடையாண்டியின் தலையில் இருந்தது. தூங்கும்போதுகூட அவர் அதைக் கழற்றமாட்டார். கழற்றி வைத்தால் தலையணை பெரியதனக்காரர் ஆகிவிடுமே என்று பயம். நியாயமான பயம்தான்.

ஒரு திங்கட்கிழமை ஜமீன்தார் குதிரையில் வந்து இறங்கினார். கையில் துப்பாக்கி.

"சடையாண்டி, வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு இங்கேதான் சாப்பாடு. மான்கறி வேணும். துப்பாக்கி இந்தா, தோட்டா நீங்களே வாங்கிக்குங்க. கறி இல்லேன்னு வை, தலைப்பாகையைக் கழட்டிப் பக்கத்து ஊர்க்காரனுக்குக் கட்டிவிட்டுடுவேன்."

பக்கத்து ஊர் என்றதும் சடையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் தலை போனாலும் பரவாயில்லை, தலைப்பாகை ஊரைத் தாண்டக்கூடாது என்று நினைக்கிற மனிதர்.

உடனே ஊரிலேயே கெட்டிக்காரர்களான மொக்கையன், வேலப்பன், கொண்டையன் மூவரையும் கூப்பிட்டார். கெட்டிக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை, ஊர் சொன்னது.

"நல்லாக் கேட்டுக்குங்கடா. சந்தையில காய் வாங்கற மாதிரி பார்த்து வாங்கணும். தட்டிப் பார்க்கணும், ஒடிச்சுப் பார்க்கணும். விலை மலிவா இருக்கணும். கொசுறு வாங்காம வரக்கூடாது. வாங்கினது எதுவும் வீணாகக்கூடாது. அப்புறம், எஜமான் வேட்டைக்கறிதான் சாப்பிடுவார். அதனால மானை வேட்டையாடித்தான் கொண்டுவரணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது ஐயா" என்றார்கள் மூவரும். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

செவ்வாய்க்கிழமை டவுனில் உசேன் ராவுத்தர் கடையில் போய் நின்றார்கள். ராவுத்தர் முப்பது வருஷமாகத் தோட்டா விற்கிறவர், பொறுமைசாலி. மூன்று பெட்டிகளைத் திறந்து வைத்தார்.

"இது பெரிசு, கடமானுக்கு. விலை கூடுதல். இது நடுத்தரம், புள்ளிமானுக்கு. இது சின்னது, வெளிமானுக்கு. இதுதான் இருக்கறதுலேயே மலிவு. எந்த மானுக்கு எதுவோ அதைத்தான் போடணும். மாத்திப் போட்டா தோட்டா வீண்."

மொக்கையன் பெரிய தோட்டாவை எடுத்துக் காதோரம் வைத்துத் தட்டிப் பார்த்தான், தேங்காயைத் தட்டுவது போல. "தண்ணி கம்மி" என்றான். வேலப்பன் நடுத்தரத்தை வாங்கி வெண்டைக்காய் நுனியை ஒடிப்பது போல ஒடித்தான். ஒடியவில்லை. பல்லில் வைத்துக் கடித்தான். பல் ஒடிந்தது.

"முத்தல்! எங்க தலையில முத்தலைக் கட்டப் பார்க்கறீங்களே ராவுத்தரே! பிஞ்சாக் குடுங்க."

ராவுத்தர் அவர்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சின்னத் தோட்டாவைக் காட்டினார். "இதைவிடப் பிஞ்சு இந்த உலகத்துலேயே கிடையாது."

"ஒண்ணு குடுங்க. அதோட கொசுறு."

"தோட்டாவுக்குக் கொசுறா?"

"கத்தரிக்காய்க்கே குடுக்கறாங்க. இவ்வளவு பெரிய கடை வெச்சுக்கிட்டு இப்படிக் கேக்கறீங்களே!" என்று கொண்டையன் வருத்தப்பட்டான்.

ராவுத்தர் மூலையில் கிடந்த வெடித்துப்போன காலித் தோட்டாக்கள் பன்னிரண்டைப் பொறுக்கி அவன் துண்டில் போட்டார். அப்படியும் கொண்டையன் நகரவில்லை. கொசுறு என்றால் கொத்தமல்லித் தழை இல்லாமலா? ராவுத்தர் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த கட்டையே எடுத்து அவன் மடியில் செருகி, "போய்ட்டு வாங்கய்யா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டார்.

"ஒண்ணு வாங்கினோம், பன்னிரண்டு இலவசம். இப்படி வாங்க யாரால முடியும்?" என்று வழியெல்லாம் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டார்கள்.

புதன்கிழமை காடு. ஓடைக்கரையில் கொம்பு வைத்த ஒரு புள்ளிமான் நின்று மேய்ந்துகொண்டிருந்தது.

"காசு குடுத்ததை எடுத்து வை. முதல்ல இலவசத்தைத் தீர்ப்போம்" என்றான் வேலப்பன். எவ்வளவு சிக்கனம் பாருங்கள்! மொக்கையன் காலித் தோட்டாவைப் போட்டுக் குறிபார்த்து அழுத்தினான். டிக். மான் நிமிர்ந்து பார்த்தது.

"ஆகா, சத்தமே இல்லாத தோட்டா! ஒசந்த சாதிச் சரக்கு."

டிக், டிக் என்று பன்னிரண்டும் தீர்ந்தன. மான் மென்றுகொண்டே நின்றது.

"பன்னிரண்டு அடி வாங்கியும் விழலையே. என்ன திமிர் பார்த்தியா!" என்றான் மொக்கையன்.

"விழுந்தா மானம் போயிடும்னு நிக்குது. நாமே போய்த் தூக்கிக்கலாம்" என்றான் கொண்டையன்.

வாங்கினது எதுவும் வீணாகக்கூடாது அல்லவா? காலித் தோட்டாக்களை ஒன்று விடாமல் பொறுக்கிக்கொண்டு பக்கத்தில் போனார்கள். கொண்டையன் மடியில் கொத்தமல்லி வாசனை. மான் மூக்கை நீட்டி ஒரு வாய் கடித்தது. அப்புறம் அது அவனை விடவில்லை. வேலப்பன் துண்டை அதன் கழுத்தில் கட்டினான்.

"மிச்சம் இருக்கற ஒண்ணைப் போட்டு முடிச்சுடலாமா?" என்று அவனே கேட்டான்.

"அட அறிவுகெட்டவனே, அது வெளிமான் தோட்டா. இது புள்ளிமான். மாத்திப் போட்டா வீண்னு ராவுத்தர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!" என்று அதட்டினான் கொண்டையன்.

மூவரும் கவலையோடு உட்கார்ந்தார்கள். கடைசியில் மொக்கையனுக்கு மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

"செருப்பு வாங்கறவன் காலைக் கொண்டுபோய்த்தானே அளவு பார்க்கறான்? மானைக் கடைக்குக் கூட்டிட்டுப் போவோம்."

வியாழக்கிழமை டவுனே வேடிக்கை பார்க்க, மானைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தார்கள்.

"ராவுத்தரே, இந்த மானுக்கு அளவா, மலிவா ஒரு தோட்டா எடுங்க."

ராவுத்தர் மானையும் அதன் கழுத்துத் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அதான் மானைக் கையிலேயே பிடிச்சுட்டீங்களேய்யா! இன்னும் தோட்டா எதுக்கு?"

"மானைச் சுடத்தான்" என்றான் மொக்கையன். இதுகூடத் தெரியாமல் முப்பது வருஷம் கடை நடத்தியிருக்கிறாரே என்று அவனுக்குப் பாவமாக இருந்தது.

ராவுத்தர் சின்னதை வாங்கிக்கொண்டு நடுத்தரத்தைக் கொடுத்தார். கூடவே கேட்காமலே ஒரு கட்டுக் கொத்தமல்லியும் கொடுத்தார். மூவரும் மானைத் திரும்பக் காட்டுக்கே கொண்டுபோய், துண்டை அவிழ்த்து, "நாளைக்கு வேட்டை. இங்கேயே இரு" என்று சொல்லி விட்டுவிட்டு வந்தார்கள். பிடித்த மானைச் சுட்டால் அது வேட்டையாகுமா? பெரியதனக்காரர் சொல்லைத் தட்டலாமா?

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜமீன்தார் வந்து இலைமுன் உட்கார்ந்தார். சடையாண்டி ஒரு தாம்பாளத்தில் மஞ்சள் குங்குமம் பூவோடு ஒற்றைத் தோட்டாவை வைத்து நீட்டினார்.

"கறி எங்கேடா?"

"தோட்டா தயார் எஜமான். மானே நேர்ல வந்து அளவு குடுத்துட்டுப் போயிருக்கு. இனிமே வேட்டை ஒண்ணுதான் பாக்கி."

ஜமீன்தார் எழுந்தார். ஒரே இழுப்பில் சடையாண்டியின் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் எடுத்தார். "ஐயோ, எஜமான், ஊரை விட்டுக் கொண்டுபோயிடாதீங்க!" என்று சடையாண்டி காலில் விழுந்து அழுதார். ஊரே அழுதது.

அந்த நேரம் பார்த்து, கொத்தமல்லி ஞாபகத்தில் அந்த மான் தெருவில் நடந்து வந்தது.

"சுடுங்கடா!" என்று கத்தினார் ஜமீன்தார்.

மொக்கையன் தோட்டா போட்டு அழுத்தினான். டிக். மறுபடியும் டிக்.

"என்னடா அது?"

"கொசுறு எஜமான். இலவசத்தைத்தானே முதல்ல தீர்க்கணும்? பொறுங்க, இன்னும் பத்து இருக்கு."

ஜமீன்தாருக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த தலைப்பாகையை மான்மேல் வீசியடித்தார். அது போய் இரண்டு கொம்புக்கும் நடுவில் அம்சமாக உட்கார்ந்துகொண்டது.

மொக்கையன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பெரியதனக்காரரைச் சுடப் பார்த்துவிட்டானே! சடையாண்டி எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா, தலைப்பாகை ஊரை விட்டுப் போகலை" என்று மானுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

புதுப் பெரியதனக்காரர் ஊரை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து வேலியோரத்துப் புல்லைக் கடித்தார்.

அடுத்த நிமிஷம் ஓடைப்புதூர் மொத்தமும் நாலு காலில் இறங்கியது. ஜமீன்தார் மட்டும் வாயைப் பிளந்தபடி நின்றார். சடையாண்டிக்கு மனசு கேட்கவில்லை, விருந்தாளி அல்லவா! வாய் நிறையப் புல்லோடு தலையைத் தூக்கிக் கூப்பிட்டார்:

"எஜமான், நின்னுட்டே இருக்கீங்களே! பந்தி ஆரம்பிச்சாச்சு, வாங்க. இந்தப் பக்கம் நல்ல பிஞ்சா இருக்கு."