குருவுக்கும் சோறு இறங்கவில்லை

மலையடிவாரக் குருகுலம் ஒன்றில், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு திருமேனியிடம் இருந்தது. குருவின் மூத்த சீடர் அவர். நன்றாகப் பேசுவார். “மனதில் என்ன கஷ்டம் இருந்தாலும் என்னிடம் வந்து சொல்லுங்கள்” என்று பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வார். ஒருவரும் வந்ததில்லை.

ஒருநாள் பூவண்ணன் என்ற பையன் அருவியின் உச்சிப் பாறையில், விளிம்பை ஒட்டித் தனியாக உட்கார்ந்திருந்தான். விறகு பொறுக்கப் போனவர்கள் பார்த்துக் கையோடு அழைத்து வந்தார்கள். அவன் கொஞ்ச நாளாகவே சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

திருமேனி அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து வெகுநேரம் பேசினார். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வாய் திறக்கவில்லை.

திருமேனிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குருவிடம் போனார்.

“ஐயா, நான் இவர்களை அடித்ததில்லை, திட்டியதில்லை. அப்படியும் ஏன் என்னிடம் வரமாட்டேன் என்கிறார்கள்?”

குரு எழுந்தார்.

“வா, சமையல்கட்டுப் பக்கம் போவோம்.”

அங்கே பிள்ளைகள் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்கள். குரு பூவண்ணனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தானும் ஒரு பிடி காயை எடுத்துக்கொண்டார்.

“என் தம்பி இறந்துபோய்விட்டான்” என்றார், காயைப் பார்த்தபடியே. “செய்தி வந்ததிலிருந்து சோறு இறங்கமாட்டேன் என்கிறது. யாரிடம் சொல்வதென்றும் தெரியவில்லை.”

பிள்ளைகளின் கைகள் நின்றன. திருமேனி திகைத்தார். பிள்ளைகள் முன்னால் குரு இப்படிப் பேசலாமா? பிறப்பு இறப்பு பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். குரு அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“எனக்கும் இறங்கவில்லை, ஐயா” என்றான் பூவண்ணன்.

“அப்படியா” என்றார் குரு.

அவன் பேச ஆரம்பித்தான். விட்டுவிட்டுப் பேசினான், நடுவில் அழுதான். குரு குறுக்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்றவர்கள் எழுந்து போன பிறகும் இருவரும் அங்கேயே இருந்தார்கள். மத்தியானம் ஒன்றாகக் கொஞ்சம் சாப்பிட்டார்கள்.

திருமேனி காத்திருந்து கேட்டார்.

“ஐயா, அவனைப் பேசவைக்கத்தானே அப்படிச் சொன்னீர்கள்?”

“இல்லை. தம்பி இறந்தது உண்மைதான்.”

திருமேனிக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது.

“இத்தனை வருஷமாக உங்களோடு இருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொல்லத்தான் உன் அறை வாசல்வரை வந்தேன்.”

“பிறகு?”

“எங்கே உடனே ஆறுதல் சொல்லிவிடுவாயோ என்று பயந்து திரும்பிவிட்டேன்.”