எழுபத்து நான்காம் பக்கம்

டாக்டர் ஆவுடையப்பன் இருபத்து மூன்று புத்தகங்கள் எழுதியவர். எல்லாம் சாதாரண ஜனங்களுக்கான மருத்துவப் புத்தகங்கள். உடம்பின் ஒவ்வோர் உறுப்பையும் கூப்பிட்டு முதுகில் தட்டிக்கொடுப்பது அவர் பாணி. 'முதுகே, நிமிர்ந்து நில்', 'தலைவலியே, தள்ளிப் போ', 'வயிறே, வம்பு செய்யாதே'. கல்லீரலுக்குத்தான் இன்னும் மோனை சரியாக அமையவில்லை என்று மேடையில் சொல்லுவார். கூட்டம் சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

எல்லாவற்றிலும் அதிகம் விற்றது 'நெஞ்சே, பயப்படாதே'. பதினோரு பதிப்பு வந்துவிட்டது. அட்டையில் ஸ்டெதஸ்கோப்போடு அவர் முகம். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'பயப்படாதீர்கள்!'

அப்பேர்ப்பட்டவர் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். பதினோரு நாளாகத் தூக்கம் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அவர் வந்து இறங்கியது மாசிலா அம்மையின் இடத்தில். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மலைப்பக்கம் பிரிகிற சாலையில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு கிணறு, நாலைந்து வேப்பமரம். ஆசிரமம் என்று பலகைகூடக் கிடையாது. அம்மைக்கு வயது நாற்பத்தைந்து, டாக்டருக்கு அறுபத்து மூன்று. ஆறு வருஷத்துக்கு முன் அம்மையின் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க வந்த மனிதர், மருந்தைக் கொடுத்துவிட்டுச் சீடராகத் திரும்பிப் போனார். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வருவார். கொட்டகையில் மேஜை போட்டு, வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்ப்பார். எல்லாரும் போன பிறகு அம்மையிடம் ஒரு கேள்வி கேட்பார்.

அன்றைக்கு முதலிலேயே கேட்டார்.

"அம்மை, நான் எழுதுறதை விட்டுடவா?"

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "என்ன ஆச்சு?"

டாக்டர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அவருடைய 'நெஞ்சே, பயப்படாதே'தான். ஓரமெல்லாம் அழுக்கேறி, எழுபத்து நான்காம் பக்கம் மடித்திருந்தது. உள்ளே ஒரு கடிதம், பதினோரு நாளுக்கு முன் புத்தகத்தோடு தபாலில் வந்தது. அதை அவர் வாசித்தார். பார்க்காமலே சொல்லியிருக்கலாம், அத்தனை தரம் படித்தாயிற்று.

'டாக்டர் அய்யாவுக்கு வணக்கம். என் வீட்டுக்காரர் பெத்துராஜ், தறி மெக்கானிக். உங்கள் புத்தகத்தை எப்போதும் தலைமாட்டில் வைத்திருப்பார். போன மாதம் மத்தியானம் நெஞ்சு எரிகிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கூப்பிட்டேன். அவர் இந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டுப் படுத்தார். எழுந்திருக்கவில்லை. அவர் மதித்த புத்தகம், பழைய பேப்பரோடு போட மனது வரவில்லை. அதனால் உங்களுக்கே அனுப்புகிறேன். சண்முகக்கனி, அருப்புக்கோட்டை.'

கடிதத்தில் ஒரு வசவுகூட இல்லை. இருந்திருந்தால் டாக்டர் கொஞ்சம் தூங்கியிருப்பார்.

"அந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்கீங்க?"

டாக்டர் வாசித்தார். "நெஞ்சு எரிச்சலோடு ஏப்பமும் வந்தால் அது பெரும்பாலும் வாயுதான். ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டு நிம்மதியாகப் படுங்கள்."

"இது பொய்யா?"

"பொய் இல்லை அம்மை. பத்துக்கு எட்டு பேருக்கு இதுதான் உண்மை. வேர்த்தாலோ, வலி கைக்குப் பரவினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கன்னும் எழுதியிருக்கேன். இதோ, எழுபத்தாறாம் பக்கத்துல இருக்கு."

"அவரு அந்தப் பக்கத்துக்கு வந்தாரா?"

டாக்டர் புத்தகத்தை மூடினார். வலியோடு படிக்கிறவன், படு என்று எழுதியிருக்கிற இடத்தில் படுத்துவிடுவான் என்பது அவருக்கு இந்தப் பதினோரு நாளில் நன்றாகவே தெரிந்துபோயிருந்தது.

"பன்னிரண்டாம் பதிப்பு நாளைக்கு அச்சுக்குப் போகுது. பதிப்பாளர் காலையிலேயே ரெண்டு தடவை போன் பண்ணிட்டார். என்ன சொல்லட்டும்? நிறுத்தவா? இல்ல, இப்படியே விடவா?"

அம்மை வாசல் பக்கம் பார்த்தார். மூன்று பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"முதல்ல இவங்களைப் பாருங்க. ஆனா இன்னைக்கு ஒரு கட்டுப்பாடு. நீங்க எழுதுற மாதிரியே வைத்தியம் பார்க்கணும். யாரையும் தொடக்கூடாது. ஒரு கேள்விகூடக் கேட்கக்கூடாது. வந்தவங்க தன் கஷ்டத்தைச் சொல்லுவாங்க. நீங்க பதில் சொல்லணும். அவ்வளவுதான்."

"அது எப்படி அம்மை முடியும்?"

"இருபத்து மூணு புஸ்தகம் எழுதியிருக்கீங்களே."

டாக்டர் போய் மேஜையில் உட்கார்ந்தார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

முதலில் வந்தவருக்கு முழங்கால் வலி. எடையைக் குறையுங்கள், சம்மணம் போட்டு உட்காராதீர்கள் என்று புத்தகத்தில் இருப்பதைச் சொன்னார். வந்தவருக்குத் திருப்தி. கும்பிட்டுவிட்டுப் போனார். டாக்டருக்கு என்னவோ போல இருந்தது.

அடுத்து குருவம்மாள் என்று ஓர் அம்மாள். பஞ்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வலது நெற்றிப்பொட்டைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

"தலைவலி சார். மூணு வாரமா விடாம இடிக்குது. தலை சீவக்கூட முடியலை."

டாக்டருக்கு நாக்கு நுனி வரை கேள்விகள் வந்தன. அம்மையைப் பார்த்தார். அம்மை கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரும்பாலும்..." என்று ஆரம்பித்தார் டாக்டர். அந்தச் சொல் வாயில் கசந்தது. "பெரும்பாலும் தலைவலிக்குக் காரணம் மனக்கவலையும் தூக்கக் குறைவும்தான். நல்லா ஓய்வெடுங்க. சரியாயிடும்."

"எனக்குந்தான் தோணுச்சு சார், கவலைதான்னு. மருமக சண்டை" என்றபடி குருவம்மாள் எழுந்து, மினி பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தார். டாக்டர் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவதாக வந்தவன் தேங்காய் மண்டியில் லோடு ஏற்றுகிறவன். பெயர் இருளாண்டி. ஐம்பது வயதிருக்கும். டாக்டரைக் கண்டதும் முகமெல்லாம் பல்லானான்.

"சார், நீங்கதானே நெஞ்சே பயப்படாதே? எங்க மண்டியில எல்லாரும் படிச்சிட்டோம் சார். எனக்கு ராத்திரியில இருந்து நெஞ்சு எரியுது. ஏப்பமும் வருது. வீட்ல கத்துறா, ஆஸ்பத்திரிக்குப் போன்னு. நான் பயப்படுவேனா? எல்லாம் உங்க தைரியந்தான்!"

டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அம்மை, மன்னிச்சிருங்க. என்னால முடியாது. யப்பா, சட்டையைக் கழட்டு. இந்த பெஞ்சுல படு."

பிறகு கேள்விமேல் கேள்வி. எப்போது ஆரம்பித்தது? நடந்தால் கூடுகிறதா? கை, தாடை, முதுகு எங்கேயாவது போகிறதா? வேர்த்ததா? சர்க்கரை உண்டா? பீடியா, சிகரெட்டா? அப்பா எப்படி இறந்தார்? நாடி பிடித்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், காரிலிருந்து ஈசிஜி மெஷினை எடுத்து வந்து நெஞ்சில் ஒட்டினார். காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து மூன்று முறை பார்த்தார். இருளாண்டி நிம்மதியாகப் படுத்திருந்தான்.

கடைசியில் விஷயம் வெளியே வந்தது. முந்தின இரவு எட்டுப் பரோட்டா, சால்னாவோடு.

"வாயுதான்" என்றார் டாக்டர். "பயப்படாதே. ஆனாலும் இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி இந்த ஈசிஜி சீட்டைக் காட்டி ஒரு தடவை ரத்தம் டெஸ்ட் பண்ணிரு."

இருளாண்டி சட்டையை மாட்டிக்கொண்டான். "இதைத்தானே சார் முதல்லயே எழுதியிருக்கீங்க? இதுக்கா இம்புட்டுப் பாடு?" என்று சிரித்துக்கொண்டே போனான்.

அம்மை எழுந்து வந்து விழுந்த நாற்காலியை நிமிர்த்தினார்.

"அந்த ஆள்கிட்ட பயப்படாதேன்னு எப்பச் சொன்னீங்க?"

"எல்லாம் பார்த்து முடிச்ச பிறகு."

"புஸ்தகத்துல எப்பச் சொல்றீங்க?"

டாக்டர் "அட்டையில" என்றார்.

சொன்னதும் அவர் முகம் மாறிற்று. சாலையைப் பார்த்தார். "அம்மை, அந்தக் குருவம்மா!"

அறுபத்து மூன்று வயதில், செருப்புகூடப் போடாமல் ஓடினார் மனுஷர். குருவம்மாள் அப்போதுதான் வந்த மினி பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துவிட்டார். டாக்டர் பஸ்ஸின் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் விரித்தார். டிரைவர் திட்டினான். திட்டட்டும் என்று நின்றார்.

"அம்மா, இறங்குங்க. ஒண்ணு கேட்கணும். வெத்தலை போடுவீங்களா?"

"போடுவேன். ஏன் சார்?"

"மெல்லும்போது தாடை வலிக்குதா?"

"அட ஆமா சார். கொஞ்ச நாளா மென்னுக்கிட்டு இருக்கும்போதே கடுத்துப்போகுது. பல்லுல ஏதோன்னு நெனச்சேன்."

"கண்ணு?"

"வலது கண்ணு முந்தாநாள்ல இருந்து அப்பப்ப இருட்டிட்டு வருது. வயசாச்சுல்ல?"

டாக்டர் அவர் நெற்றிப்பொட்டை விரலால் தொட்டார். ரத்தக்குழாய் கயிறாகத் தடித்துக் கிடந்தது. குருவம்மாள் "அம்மாடி" என்று தலையை இழுத்துக்கொண்டார்.

கொட்டகைக்குக் கூட்டி வந்து, பையில் இருந்த, வீக்கம் குறைக்கும் மாத்திரையை அங்கேயே விழுங்கவைத்தார். மதுரையில் தெரிந்த கண் டாக்டருக்குப் போன் செய்தார். "ரத்தக்குழாய் வீக்கம்னு சந்தேகப்படுறேன். இன்னைக்கே பார்த்தாகணும். நாளைக்குன்னா அந்தக் கண்ணு மிஞ்சாது" என்றார். கடிதம் எழுதிக் கொடுத்து, தன் காரிலேயே ஏற்றி, டிரைவரோடு மதுரைக்கு அனுப்பினார். கார் வளைவில் மறைகிற வரைக்கும் சாலையிலேயே நின்றார்.

திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார். செல்போன் அடித்தது. பதிப்பாளர்.

"சார், அச்சுக்கு விட்டுடலாமா?"

"வேண்டாம்."

"எத்தனை நாள் தள்ளிப் போடட்டும் சார்?"

"தெரியலை. முதல் வரியில இருந்து மாத்தணும். முதல்ல கேள்விதான் வரணும். பதில் எங்கே வரும்னு எனக்கே இன்னும் தெரியலை" என்று வைத்துவிட்டார்.

அம்மை ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். டாக்டர் அதைத் தொடவில்லை.

"அம்மை, அந்தப் பெத்துராஜ் என்னாலதான் செத்தாரா?"

"எனக்குத் தெரியாது."

"ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா பிழைச்சிருப்பாரா?"

"தெரியாது."

டாக்டரின் கண் கலங்கியது. எத்தனையோ பேரை அழாதே என்று தட்டிக்கொடுத்த மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"பதினோரு நாளா கண்ணை மூட முடியலை. மூடினா அந்தப் பக்கம்தான் தெரியுது. என்கிட்ட வர்ற அத்தனை பேருக்கும் நான் சொல்ற வார்த்தைதான், எனக்கு ஒரே ஒருதரம் நீங்க சொல்லுங்க. பயப்படாதீங்கன்னு சொல்லுங்க. போதும், நான் தூங்கிடுவேன்."

அம்மைக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. அவர் தோளைத் தொட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"அருப்புக்கோட்டைக்குப் போனீங்களா?"

"இல்லை. எந்த முகத்தோட போவேன்? போயி அந்தம்மாகிட்ட என்ன சொல்லுவேன்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். அன்னைக்கு மத்தியானம் என்ன நடந்துச்சுன்னு உட்கார்ந்து கேளுங்க. முழுசாக் கேட்டுட்டு வாங்க. அப்புறம் பார்த்துச் சொல்றேன்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய, அம்மை?"

"அதுவரைக்கும் பயப்படுங்க, டாக்டர்."