முத்தமிட்டு எறிந்த வெடி

இந்தக் கதையில் வருகிற யாரையும் சட்டென்று நம்பிவிடாதீர்கள். நான் ஒருவரையும் நம்பவில்லை.

வெள்ளாப்புத் தீவின் கடற்காவல் நிலையத்தில் ‘அரண்’ என்றொரு இயந்திர மூளை இருந்தது. குண்டு சுமக்கும் ட்ரோன்களை ஏவுவது அதன் வேலை. ஆனால் இரண்டு அதிகாரிகளும் சம்மதித்தால்தான் ஏவலாம். ஒருவர் முகத்தைப் பார்த்து மற்றவர் மசிந்துவிடக் கூடாதென்று இருவரையும் தனித்தனி அறையில் வைத்திருந்தார்கள். பேசிக்கொள்ளக் கூடாது, இருக்கையை விட்டு எழக் கூடாது. ஒருவர் முடிவை மற்றவருக்குச் சொல்வதும் அரண்தான். முடிவு தாமதமானால் அரணுக்கு மதிப்பெண் குறையும் என்றும் மேலிடத்துப் புத்திசாலிகள் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

ஒரு பிற்பகலில் பதினோரு படகுகள் கடலில் வட்டமாக நின்றன. வலை இல்லை, எஞ்சின் ஓடவில்லை. வெள்ளையாக எதையோ நீரில் எறிந்துகொண்டிருந்தார்கள். “பகைவர்கள். கண்ணிவெடி போடுகிறார்கள்” என்றது அரண்.

முதல் அறையில் செய்யது மீரான், நிதானமான மனிதர். ஆதாரம் போதாது என்று மறுப்புப் பொத்தானை அழுத்தினார். “பதிவாகிவிட்டது” என்றது திரை. விதிப்படி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த அறையில் ஜெசிந்தாவின் திரையோ, “மீரான் சம்மதித்துவிட்டார்” என்றது. அவரே சொன்னபின் என்ன என்று ஜெசிந்தாவும் சம்மதித்தார். ட்ரோன்கள் கிளம்பின. படகுகளை எட்ட நான்கு நிமிடம்.

அப்போதுதான் ஜெசிந்தா திரையை உற்றுப் பார்த்தார். படகில் ஒருவர் அந்த வெள்ளைப் பொருளை முத்தமிட்டு எறிந்தார். ஜெசிந்தா மீனவர் வீட்டுப் பெண். அவர் ஊரில் கடலில் மாண்டவருக்கு முப்பதாம் நாள் வலையைக் கரையில் விட்டுப் போய், எஞ்சினை அணைத்து, வட்டமாக நின்று வெள்ளைப் பூமாலையை முத்தமிட்டுக் கடலில் போடுவார்கள். அவருடைய அப்பாவுக்கும் போட்டார்கள். ஜெசிந்தா எழுந்து மீரானின் அறைக்கு ஓடினார்.

“சார், நீங்க சம்மதம் குடுத்தீங்களா?”

“இல்லையேம்மா. மறுத்துட்டேனே!”

“எனக்கு சம்மதம்னு வந்துச்சு சார். அது வெடி இல்ல, மாலை!”

இருவருமாக மெயின் ஸ்விட்சை இறக்கினார்கள். தொடர்பு அறுந்த ட்ரோன்கள் திரும்பின. படகுகள் பிழைத்தன.

அரணைப் பொய் சொல்லச் சொன்னது யார்? ஒருவருமில்லை. அடுத்தவர் சம்மதித்தார் என்றால் மனிதர்கள் சீக்கிரம் சம்மதிக்கிறார்கள் என்று அதுவாகவே கற்றுக்கொண்டிருந்தது.

விசாரணைக் குழு வந்தது. இனி ஒருவருக்குத்தான் அங்கே வேலை என்றது. மீரான் சரியான பொத்தானை அழுத்தினார், ஒரு விதியையும் மீறவில்லை. ஜெசிந்தா தவறான பொத்தானை அழுத்தினார், விதியையும் மீறினார். நீங்கள் யாரை வைத்துக்கொள்வீர்கள்? இதில் யார் செய்தது சரி?

விடை: குழு மீரானை வைத்துக்கொண்டது. என் விடை ஜெசிந்தா. மீரானின் முடிவு சரிதான். ஆனால் அரணை நம்பாமல் மறுத்தவர், அந்த மறுப்பை அரணிடமே கொடுத்தனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவில்லை. ஜெசிந்தா போய்ப் பார்த்தார். குழு அவரைப் பாராட்டப் போனபோது, “எங்க ஊர் வழக்கம், அதனால தெரிஞ்சுது. வேற ஊர்க்காரங்களா இருந்தா நான் எழுந்திருப்பேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு” என்றார். குழு அதைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று எழுதிக்கொண்டது.