மணி எழுப்பாத பிரபு

அயர்லாந்தில் கில்ராவன் கோட்டை என்றால் பீரங்கிக்கே அசையாத கோட்டை. ஆனால் உள்ளே தூங்கும் ஹம்ப்ரி பிரபுவை, எதிரே இருந்த மாதா கோவில் மணி தினமும் விடியலில் உலுக்கி எழுப்பிவிடும். அந்த மணியைக் கேட்டுத்தான் ஊர் மக்கள் எழுந்து அவர் வயலுக்கு வேலைக்கு வருவார்கள்.

ஒருநாள் பிரபு, மணியடிக்கும் ஹனோராவைக் கூப்பிட்டார்.

“மணி நேரத்துக்கு அடிக்கணும். ஒரு ஆள்கூட வேலைக்குப் பிந்தக் கூடாது. ஆனா அந்த மணி என்னை எழுப்பவும் கூடாது. எழுப்பினா, அன்னைக்கே உன் குடிசையைக் காலி பண்ணிடணும்!”

“ஆகட்டும் எசமான். மணி உங்களை எழுப்பாது” என்றாள் ஹனோரா. ஊரே அவளுக்காக உச்சுக் கொட்டியது.

மறுநாள் கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. கோட்டைக் கதவை யாரோ தடதடவென்று இடித்தார்கள். எதிரிப் படைதான் வந்துவிட்டதோ என்று பிரபு தூக்க உடையோடு விழுந்தடித்து ஓடிவந்து கதவைத் திறந்தார். வாசலில் விறகுக்கட்டையும் கையுமாக ஹனோரா நின்றாள்.

“இந்நேரத்துக்கு என்னடி கேடு வந்தது?”

“ஒண்ணுமில்லை எசமான். மணியடிக்கப் போறேன். அது உங்களை எழுப்பிடக் கூடாதில்ல? அதான் நானே முந்தி வந்து எழுப்பிட்டேன். தினமும் வந்துடுறேன், கவலைப்படாதீங்க.”

பிரபு இருட்டைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார்.

“வேண்டாம் தாயே! நாளையிலேருந்து மணியே எழுப்பட்டும். அதுவாவது விடியுறவரைக்கும் தூங்கவிடும்!”